கவலையா, கவனமா? – ‘கேர்’ என்னும் சொல் குறித்து ஒரு சிந்தனை

ஆங்கில நூல்களைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டிருப்பவர்கள் ஓர் உண்மையை விரைவிலேயே கற்றுக்கொள்கிறார்கள். நீண்ட கலைச்சொற்கள் அவ்வளவாக இடர் தருவதில்லை. அவற்றுக்கு அறிஞர்கள் உடன்பட்ட பொருள் ஒன்று இருக்கும். அதை எடுத்து வைத்துவிட்டு மேலே செல்லலாம். பள்ளிக் குழந்தையும் அறிந்த நான்கு எழுத்துச் சொற்களே நம்மை மேலே செல்லவிடாமல் நிறுத்திவைக்கின்றன. ‘கேர்’ என்பது அத்தகைய ஒரு சொல்.

இச்சொல் தமிழர்களுக்குப் புதியதன்று. கடித உறையின் மேல் ‘கேர் ஆஃப்’ என்று எழுதுகிறோம். தங்க இடமில்லாதவனைக் ‘கேர் ஆஃப் பிளாட்பாரம்’ என்று சொல்லும் வழக்கும் நம்மிடையே உண்டு. விடைபெறும்போது ‘டேக் கேர்’ என்கிறோம். சினம் வந்தால் ‘ஐ டோன்ட் கேர்’ என்கிறோம். தொலைபேசி நிறுவனத்திடம் குறை சொல்ல வேண்டுமானால் ‘கஸ்டமர் கேர்’ எண்ணைத் தேடுகிறோம். குழந்தையை ‘டே கேர்’ நிலையத்தில் விடுகிறோம். நோய் முற்றியவரை ‘இன்டென்சிவ் கேர்’ பிரிவில் சேர்க்கிறோம். இவற்றையெல்லாம் தமிழில் எழுதப் புகுந்தால் கவலை, கவனம், அக்கறை, பராமரிப்பு, பொறுப்பு, மதிப்பு, விருப்பம், எச்சரிக்கை என்று குறைந்தது எட்டுச் சொற்களாவது தேவைப்படும்.

இது அகராதி தொகுப்பவர்கள் மட்டுமே கவலைப்பட வேண்டிய செய்தி என்று தோன்றலாம். அப்படியன்று. ஒரு சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்கும்போது அவற்றுள் எதனை நாம் வாழ்க்கையில் ஏற்றுக்கொள்கிறோம் என்பது ஒழுக்கம் பற்றிய கேள்வியாகிறது. கவலை ஒரு கேர். கவனம் ஒரு கேர். ஆனால் கவலைப்படுகிறவர் எல்லோரும் கவனிக்கிறவர் ஆவரா? கவலையை விடவேண்டும் என்று சாத்திரங்கள் கூறுகின்றனவே. அதனோடு கவனத்தையும் விட்டுவிடுவதா? ஆன்மிக வாழ்வை நாடுகிற ஒவ்வொருவரும் ஒரு நாள் சந்தித்தே ஆகவேண்டிய கேள்வி இது.

சொல்லின் பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் ‘காரு’ என்றொரு சொல் இருந்தது. துயரம், மனவேதனை என்பது அதன் பொருள். இன்றைய ‘கேர்’ அதிலிருந்து வந்தது. லத்தீன் மொழியில் ‘கூரா’ என்றொரு சொல் உண்டு. ஓசையிலும் பொருளிலும் ஒத்திருப்பதால் இவ்விரண்டையும் தாயும் மகளும் என்று பலர் எண்ணுவதுண்டு. ஆனால் மொழியியலார் இவற்றை வெவ்வேறு குடும்பத்தினவாகவே கொள்கின்றனர். லத்தீன் ‘கூரா’விலிருந்து நோய் தீர்த்தலைக் குறிக்கும் ‘க்யூர்’ வந்தது. பாதுகாப்பைக் குறிக்கும் ‘ஸெக்யூர்’ என்பதும் அதிலிருந்தே வந்தது. ‘ஸெக்யூர்’ என்பதன் மூலப்பொருள் ‘கவலையின்றி இருத்தல்’ என்பதாகும்.

பொருள் எவ்வளவு மாறுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1611-இல் வெளியான புகழ்பெற்ற ஆங்கில விவிலியத்தில், பவுல் ஃபிலிப்பியருக்கு எழுதிய மடலில், ‘கேர்ஃபுல்’ என்பது பக்தன் விலக்க வேண்டிய ஒரு நிலையாகப் பேசப்படுகிறது. இன்றைய மாணவன் அதைப் படித்தால் திகைப்பான். கவனமாக இருப்பது குற்றமா என்று கேட்பான். ‘கேர்ஃபுல்’ என்பதற்கு அங்கே ‘கவலை நிறைந்த’ என்பதே பொருள். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளில், விலக்கப்பட்ட நிலையைக் குறித்த சொல் போற்றப்படும் பண்பைக் குறிப்பதாயிற்று.

இன்னும் வியப்பான ஒன்று உண்டு. ‘கேர்ஃப்ரீ’, ‘கேர்லெஸ்’ ஆகிய இரு சொற்களையும் பிரித்துப் பார்த்தால் இரண்டுக்கும் ‘கேர் இல்லாத’ என்ற ஒரே பொருள்தான் வருகிறது. ஆனால் முதற்சொல் பாராட்டு, இரண்டாவது பழி. கவலையற்றவனைக் கண்டு உலகம் பொறாமைப்படுகிறது. கவனமற்றவனைக் கண்டு அஞ்சுகிறது. ஒரே இல்லாமை ஓரிடத்தில் விடுதலையாகவும் மற்றோரிடத்தில் குற்றமாகவும் ஆவது எவ்வாறு? இந்தப் புதிருக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மனிதனுக்கு உரிமையாளர் யார்?

ஹைஜினஸ் என்பவரின் பெயரால் வழங்கும் லத்தீன் கதைத் தொகுப்பு ஒன்றில் ஒரு சிறு கதை வருகிறது. ‘கூரா’ என்னும் தேவதை ஓர் ஆற்றைக் கடக்கும்போது களிமண்ணைக் கண்டு, அதை எடுத்து ஓர் உருவம் செய்தாள். அதற்கு உயிர்மூச்சு தருமாறு ஜூபிடரை வேண்டினாள், அவரும் தந்தார். அவ்வுருவத்துக்கு யார் பெயரைச் சூட்டுவது என்று கூராவுக்கும் ஜூபிடருக்கும் பூமிக்கும் இடையே வழக்கு எழுந்தது. சனித் தெய்வம் தீர்ப்புக் கூறியது: இறந்தபின் மூச்சு ஜூபிடருக்கும் உடல் பூமிக்கும் போகட்டும், ஆனால் உயிரோடு இருக்கும் காலம் முழுவதும் மனிதன் கூராவுக்கே உரியவன்.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் மார்ட்டின் ஹைடெகர் 1927-இல் வெளியிட்ட ‘இருத்தலும் காலமும்’ என்ற நூலில் இக்கதையை எடுத்துக்காட்டி, மனித இருப்பின் அடிப்படையே ‘ஸோர்க’, அதாவது கேர், என்று நிறுவ முயன்றார். அந்த ஜெர்மன் சொல்லும் கவலை, அக்கறை என்ற இரு பொருளையும் தாங்கியது. கல் தன்னைப் பற்றியோ பிறவற்றைப் பற்றியோ எதுவும் கருதுவதில்லை. மனிதனால் கருதாமல் இருக்க முடியாது. ‘எனக்கு எதைப் பற்றியும் அக்கறை இல்லை’ என்று சொல்பவனுக்கும், தன்னைப் பிறர் அவ்வாறு எண்ணவேண்டும் என்ற அக்கறை இருக்கத்தான் செய்கிறது.

ஆகவே கேர் முற்றிலும் இல்லாத மனிதன் என ஒருவன் இல்லை. அது எதை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதே கேள்வி. தன்னை நோக்கித் திரும்பினால் அது கவலையாகிறது. எதிரே இருப்பவரை நோக்கித் திரும்பினால் கவனிப்பு ஆகிறது.

நம் மொழிகள் காட்டும் வழி

இவ்விடத்தில் நம் மொழிகள் நமக்குப் பெரிதும் உதவுகின்றன. நாம் நாள்தோறும் எண்ணாமல் பேசும் சொற்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

ஊருக்குப் புறப்படுகிறவரிடம் ‘பார்த்துப் போங்கள்’ என்கிறோம். வயதான தாயை மகன் நன்றாகப் ‘பார்த்துக்கொள்கிறான்’ என்கிறோம். மருத்துவர் வைத்தியம் ‘பார்க்கிறார்’. மருத்துவச்சி பிரசவம் ‘பார்க்கிறாள்’. எச்சரிக்கை, பேணுதல், நோய் தீர்த்தல் ஆகிய அனைத்துக்கும் தமிழ் பயன்படுத்தும் வினை ‘பார்’ என்ற ஒன்றே. நெஞ்சில் எவ்வளவு அன்பு இருக்கிறது என்று தமிழ் கேட்கவில்லை; கண் எங்கே இருக்கிறது என்று கேட்கிறது.

மருத்துவமனையின் ‘இன்டென்சிவ் கேர்’ பிரிவைத் தமிழில் ‘தீவிர சிகிச்சைப் பிரிவு’ என்கிறோம். கேர் என்ற சொல்லை விட்டுவிட்டதாகத் தோன்றுகிறது. ஆனால் ‘சிகித்ஸா’ என்ற வடசொல், உணர்தல், கவனித்தல் என்று பொருள்படும் ‘சித்’ என்ற வினையடியின் விருப்பப் பொருள் கொண்ட வடிவத்திலிருந்து பிறந்தது. கூர்ந்து அறிய விழைதல் என்பது அதன் அடிப்படை. மருந்து கொடுத்தல் என்பது பின்னர் வந்து சேர்ந்த பொருள். நோயாளியை அறிய விரும்பாமல் மருந்து மட்டும் கொடுப்பது, சொல்லின் மூலப்பொருளின்படி, சிகிச்சையே ஆகாது.

‘பராமரிப்பு’ என்ற சொல்லோ ‘பராமர்ச’ என்னும் வடசொல்லோடு உறவுடையது. தொடுதல், பற்றுதல், ஆராய்தல் என்பன அதன் பொருள்கள். தொட்டு அறிவதும் ஆராய்ந்து அறிவதும் பேணுவதும் இங்கு ஒன்றாக இணைந்து நிற்கின்றன.

வங்கமொழியில் கேர் என்பதற்கு ஈடாக வழங்கும் சொல் ‘ஜத்ன’. வடமொழியின் ‘யத்ன’ என்பதே அது. தமிழில் யத்தனம் என்றால் முயற்சி. வங்காளத்துத் தாய் தன் குழந்தையை ‘ஜத்ன’ செய்கிறாள் என்றால் அதற்காக உடல் வருந்தி உழைக்கிறாள் என்றே பொருள். அன்பு என்பதைக் கை உழைப்பிலிருந்து பிரித்துப் பார்க்க அம்மொழி உடன்படவில்லை.

பார்த்தல், அறிய விழைதல், தொட்டு ஆராய்தல், முயலுதல் ஆகிய இந்நான்கினுள் ஒன்றேனும் கவலைப்படுதல் அன்று என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். நான்கும் செயல்கள். நான்கிலும் தன்னைவிட்டு வெளியே செல்லும் இயக்கம் இருக்கிறது.

டாக்குரியாவில் ஒரு விடியற்காலை

சொற்பொருள் ஆராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடுவதன்று என்பதை உணர்த்தும் ஒரு துயர நிகழ்ச்சியை இங்கு நினைவுகூர வேண்டியிருக்கிறது. தென் கொல்கத்தாவில் உள்ளது டாக்குரியா. இன்று ரவீந்திர சரோவர் எனப்படும் பெரிய ஏரியைப் பழகியவர்கள் டாக்குரியா ஏரி என்றே சொல்வார்கள். ஏரிக்கு அந்தப் புறம், லேக் மார்க்கெட் பகுதியில், பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்களும் வாழ்ந்து வருகின்றன. டாக்குரியாவில் ஆம்ரி என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஒரு பெரிய தனியார் மருத்துவமனை இருந்தது. ‘அட்வான்ஸ்டு மெடிகேர் அண்ட் ரிசர்ச் இன்ஸ்டிடியூட்’ என்பது அப்பெயரின் விரிவு. நாம் ஆராயும் சொல் அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது.

2011 டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை. பொழுது விடியுமுன் அம்மருத்துவமனையின் இணைப்புக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தீப்பற்றியது. வண்டிகள் நிறுத்துவதற்கான அவ்விடத்தில் எளிதில் எரியக்கூடிய பொருள்கள் சேர்த்துவைக்கப்பட்டிருந்தன என்று பின்னர் தெரியவந்தது. தீ மேலே ஏறவில்லை, புகை ஏறியது. குளிர்சாதனக் குழாய்களின் வழியாக ஒவ்வொரு தளத்துக்கும் அது பரவியது. கட்டடத்தின் முகப்பு முழுவதும் கண்ணாடியால் மூடப்பட்டிருந்தமையால் புகை வெளியேற வழி இல்லை. படுக்கையிலிருந்து எழ முடியாதவர்கள் படுத்த இடத்திலேயே மூச்சுத் திணறி இறந்தார்கள். ஏறத்தாழ 90 பேர் உயிரிழந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் நோயாளிகள்.

மருத்துவமனையை ஒட்டிப் பஞ்சானன்தலா என்னும் குடிசைப்பகுதி இருக்கிறது. அங்கிருந்த இளைஞர்கள் புகையைக் கண்டு ஓடிவந்தார்கள். முதலில் காவலர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அன்றைய செய்தித்தாள்கள் எழுதின. ஆயினும் அவர்கள் திரும்பிவந்து, சுவரேறிக் குதித்து, கண்ணாடிகளை உடைத்து, கைக்குக் கிடைத்த மூங்கிலையும் கயிற்றையும் கொண்டு நோயாளிகளை இறக்கினார்கள். அந்த மருத்துவமனையில் படுக்கும் வசதி அவர்களுள் எவருக்கும் இருந்திருக்காது.

உள்ளே, கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்த ரெம்யா, வினீதா என்ற இரு இளம் செவிலியர் பணியில் இருந்தனர். தங்கள் பிரிவில் இருந்த நோயாளிகளை அவர்கள் ஒவ்வொருவராக வெளியேற்றினர். எட்டுப் பேரைக் காப்பாற்றிவிட்டு, ஒன்பதாவது நோயாளியை மீட்கச் சென்றவர்கள் திரும்பவில்லை.

சட்டப்படி குற்றம் யாருடையது என்பது நீதிமன்றத்தின் ஆராய்ச்சிக்கு உரியது. நாம் அதில் நுழையவேண்டியதில்லை. நமது கேள்வி வேறு. அன்று அந்த இடத்தில் கேர் எங்கே இருந்தது?

பெயர்ப்பலகையில் இருந்தது; ஆனால் அது எவரையும் காக்கவில்லை. நோயாளிகளின் உறவினரிடம் கவலை வடிவில் நிறைய இருந்தது. வெளியே நின்று அழுதவர்களின் அந்தக் கவலை மெய்யானது, மதிப்புக்குரியது, எனினும் அதனால் ஒரு கதவையும் திறக்க இயலவில்லை. குடிசைப்பகுதி இளைஞர்களிடம் அது பார்வையாகவும் முயற்சியாகவும் இருந்தது. அவ்விரு செவிலியரிடமோ தம் உயிரைப் பற்றிய கேரை எதிரே இருந்தவரைப் பற்றிய கேர் முற்றிலும் வென்றுவிட்டது. ‘கேர்ஃப்ரீ’ என்ற சொல்லுக்கு உயர்ந்த பொருள் ஒன்று இருக்குமானால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும். தன்னைப் பற்றிய கவலையிலிருந்து விடுபட்டவர்களாலேயே அந்தப் புகைக்குள் ஒன்பதாவது முறை போக முடியும்.

புகை கண்ட இடத்தில் நெருப்பு

நியாய தரிசனம் பயில்கிற மாணவன் முதல் நாளே கற்கும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ‘மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனெனில் புகை தெரிகிறது; எங்கெல்லாம் புகை உண்டோ அங்கெல்லாம் நெருப்பு உண்டு, சமையலறையில் காண்பதுபோல.’ அன்னம்பட்டர் இயற்றிய தர்க்க சங்கிரகம் முதலிய நூல்கள் இதனை விரித்துரைக்கின்றன. வங்காளத்து நவத்வீபத்தில் நவ்ய நியாயம் தழைத்திருந்த காலத்தில் இந்தப் புகையையும் நெருப்பையும் பற்றிப் பண்டிதர்கள் வாழ்நாள் முழுவதும் வாதிட்டிருக்கிறார்கள்.

இந்த அனுமானத்தில் ஒரு நுட்பமான படி உண்டு. புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்ற பொது விதி எல்லோரும் அறிந்ததே. எதிரே ஏதோ புகைகிறது என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. இவ்விரண்டையும் தனித்தனியே வைத்திருப்பவனுக்கு அறிவு பிறப்பதில்லை. ‘நெருப்போடு என்றும் இணைந்திருக்கும் அந்தப் புகைதான் இதோ இந்த மலையில் இருக்கிறது’ என்று இரண்டும் ஒன்றாக இணையும் கணத்திலேயே அறிவு பிறக்கிறது. அவ்வாறு இணைக்கும் உணர்வுக்கு நியாய நூலார் வைத்த பெயர் ‘பராமர்சம்’. நம் ‘பராமரிப்பு’ என்ற சொல்லின் உறவினர் அது!

தர்க்கமும் தாதியும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்வது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அது நமக்குக் கற்பிப்பது பெரிது. கீழ்த்தளத்தில் எரிபொருள்களைச் சேர்த்துவைக்கக் கூடாது என்ற பொது விதி யாருக்குத்தான் தெரியாது? விதிகள் புத்தகத்தில் இருந்தன. பொருள்கள் கீழ்த்தளத்தில் இருந்தன. இரண்டையும் ஒருங்கே கண்டு, ‘அந்த விதி சொல்லும் ஆபத்து இதோ, இங்கே, இந்த நோயாளிகளின் படுக்கைக்குக் கீழே இருக்கிறது’ என்று உணர்ந்து செயல்படும் கணம் மட்டுமே வரவில்லை. பஞ்சானன்தலா இளைஞர்கள் தர்க்க சாத்திரம் படித்தவர்கள் அல்லர். ஆனால் புகையைக் கண்டதும் அவர்களுக்கு அந்தப் பராமர்சம் நிகழ்ந்தது. ‘இது நெருப்பு, உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள்’ என்று அவர்கள் கண்டார்கள்.

கேர் என்பதன் உயிர்நிலை இதுவே என்று தோன்றுகிறது. நாம் ஏற்கெனவே அறிந்த ஒரு பொது உண்மையை எதிரே உள்ள இந்த ஒருவரிடம், இந்த ஒரு கணத்தில், பொருத்திக் காண்பதே கேர். ‘முதியோரைப் போற்ற வேண்டும்’ என்பது எல்லோரும் அறிந்த பொது விதி. ‘இன்று அம்மா வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிட்டாள்’ என்று காண்பது பராமர்சம்.

சட்டம் கேட்கும் அளவு

சட்ட நூல்களிலும் இச்சொல் முக்கியமான இடத்தைப் பெற்றிருக்கிறது. 1928-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் இஞ்சிப் பானம் அருந்திய ஒரு பெண்மணி, புட்டிக்குள் அழுகிய நத்தை ஒன்று கிடந்ததாகக் கூறி வழக்குத் தொடுத்தார். பானத்தை விலை கொடுத்து வாங்கியவர் அவருடைய தோழி. ஆகவே தயாரித்தவருக்கும் குடித்தவருக்கும் ஒப்பந்தம் ஏதுமில்லை. 1932-இல் இவ்வழக்கில் தீர்ப்பளித்த அட்கின் பிரபு, நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்று நாம் நியாயமாக எண்ணிப் பார்க்கத்தக்க அனைவரும் நமக்கு அயலார். அவர்களுக்குத் தீங்கு நேராதபடி கவனமாக நடப்பது நம் கடமை என்ற கருத்தை நிலைநாட்டினார். இந்தியா உட்படப் பல நாடுகளின் சட்டத்தில் இன்றும் பேசப்படும் ‘கவனக் கடமை’ என்பதற்கு இத்தீர்ப்பு ஓர் அடித்தளம். ‘அயலான் யார்?’ என்ற அவரது கேள்வி, இயேசுநாதர் கூறிய நல்ல சமாரியன் கதையில் எழும் கேள்வியேயாகும்.

சட்டத்தின் கேர் எச்சரிக்கை வடிவானது. தீங்கு செய்யாதே என்பது அதன் அளவு. சமாரியனின் கேரோ, தான் செய்யாத தீங்கையும் தன் பொறுப்பாக ஏற்றுக்கொள்வது. டாக்குரியாவின் அயலார் சட்டம் கேட்காததைச் செய்தார்கள்.

இங்கு நாம் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. தியாகம் உயர்ந்தது, எச்சரிக்கை தாழ்ந்தது என்று எண்ணிவிடுதல் எளிது. வீரச் செயல்களைப் பாராட்ட நாம் என்றும் ஆயத்தமாக இருக்கிறோம். ஆனால் ஒருவர் முன்னதாகவே கீழ்த்தளத்துக்குச் சென்று அங்குள்ளவற்றைப் பார்த்து, ‘இவற்றை இன்றே அப்புறப்படுத்துங்கள்’ என்று சொல்லி, அவை அகலும்வரை அங்கேயே நின்றிருந்தால், அவ்விரு பெண்களும் உயிர் துறக்க நேர்ந்திருக்காது. அப்படிச் செய்தவரின் பெயரை எந்தச் செய்தித்தாளும் வெளியிட்டிருக்காது. தீ பற்றாத கட்டடத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஓரிடத்தில் பெரும் தியாகம் தேவைப்பட்டது என்றால், அதற்கு முன் பல இடங்களில் சிறு கவனங்கள் தவறியிருக்கின்றன என்று பெரும்பாலும் பொருள். தியாகிகளை வணங்குவது நம் கடமை. அவர்கள் தியாகம் செய்ய வேண்டிய நிலை வராமல் காப்பது அதனினும் முற்பட்ட கடமை.

பற்றின்மையும் அலட்சியமும்

இனி, ஆன்மிக சாதகரின் கேள்விக்கு வருவோம். பற்றற்று இருக்க வேண்டும் என்ற உபதேசத்தைக் கேட்கிற சிலர், எதையும் கண்டுகொள்ளாமல் இருப்பதே பற்றின்மை என்று கருதிவிடுகிறார்கள். வீட்டில் ஒருவர் நோயுற்றால் ‘எல்லாம் பிராரப்தம்’ என்கிறார்கள். பக்கத்து வீட்டில் துயரம் நேர்ந்தால் ‘உலகம் மாயை’ என்கிறார்கள். தன் பல்லில் வலி வந்தால் மட்டும் உடனே மருத்துவரைத் தேடுகிறார்கள்!

பகவத்கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயம் பக்தனின் இலக்கணங்களைக் கூறுமிடத்தில் ‘உதாசீனன்’ என்ற சொல்லைப் பாராட்டாகப் பயன்படுத்துகிறது. விருப்பு வெறுப்பு என்ற இருபக்கங்களுள் எதிலும் சாராமல் மேலே அமர்ந்திருப்பவன் என்பது அதன் பொருள். தமிழிலோ ‘உதாசீனம்’ என்றால் புறக்கணிப்பு, அவமதிப்பு. ஆங்கிலத்தில் ‘கேர்ஃப்ரீ’யும் ‘கேர்லெஸ்’ஸும் இரண்டு சொற்களாகப் பிரிந்து நிற்க, இங்கே ஒரே சொல் ஒரு மொழியில் புகழாகவும் மற்றொரு மொழியில் பழியாகவும் ஆகிவிட்டது. உயர்ந்த நிலை ஒன்றைப் போலியாகப் பின்பற்றியவர்கள் பலர் இருந்ததால்தானோ அச்சொல் மக்கள் வழக்கில் இவ்வாறு தாழ்ந்தது என்று எண்ணத் தோன்றுகிறது.

கீதை இந்த ஆபத்துக்கு இடம் வைக்கவில்லை. உதாசீனன் என்று கூறும் அதே சுலோகத்தில் அதற்கு முன்னதாகவே ‘தக்ஷன்’ என்றும் கூறுகிறது. தக்ஷன் என்பவன் திறமையுள்ளவன், செய்ய வேண்டியதை உடனே கண்டு பிழையின்றிச் செய்பவன். கவலையற்றவன் என்பதும் அதே சுலோகத்தில் வருகிறது. திறமை, சார்பின்மை, கவலையின்மை ஆகிய மூன்றும் ஒருவனிடமே இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

நமது காலத்து மேலைநாட்டுச் சிந்தனையும் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்திருக்கிறது. ஒழுக்கம் என்பது நீதி விதிகளால் மட்டும் ஆனதன்று, அக்கறையாலும் ஆனது என்று கரோல் கில்லிகன் 1982-இல் எழுதினார். அந்த மரபில் வந்த ஜோன் ட்ரோன்டோ, 1993-இல் வெளியான தம் நூலில், கேருக்கு நான்கு பண்புகள் வேண்டும் என்றார்: பிறர் தேவையைக் காணும் விழிப்பு, அதைத் தனதாக ஏற்கும் பொறுப்பு, அதைச் சரிவரச் செய்யும் திறமை, பெறுபவரின் நிலைக்கு ஏற்ப நடத்தல். திறமையும் இப்பட்டியலில் இருப்பது கருதத் தக்கது. நல்லெண்ணத்தோடு தவறான மருந்தைக் கொடுப்பது கேர் ஆகாது.

முதலில் எழுப்பிய புதிருக்கு இப்போது விடை கூறலாம். ‘கேர்ஃப்ரீ’ என்பதில் இல்லாமற் போவது ‘நான்’ பற்றிய கேர். ‘கேர்லெஸ்’ என்பதில் இல்லாமற் போவது எதிரே இருப்பவர் பற்றிய கேர். அதனால்தான் ஒன்று விடுதலை, மற்றொன்று குற்றம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று அண்டை வீடுகள் அல்ல, எதிரெதிர்த் திசைகள். தன்னைப் பற்றிய கவலை குறையக் குறையப் பிறரைக் காணும் கண் தெளிய வேண்டும். அது தெளியாமல் கவலை மட்டும் குறைந்திருந்தால், நமக்கு வாய்த்தது பற்றின்மை அன்று, மரத்துப்போன தன்மையே.

நம் இல்லங்களில்

இன்று பலருடைய இல்லங்களில் முதியோரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் பணிபுரிகிற பிள்ளைகளுக்கு அது தவிர்க்க முடியாதது. அதில் குறை காண வேண்டியதில்லை. மாதந்தோறும் தவறாமல் பணம் அனுப்புகிறார்கள். அதுவும் பொறுப்பு என்ற வகைக் கேர்தான். ஆனால் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைக்கலாம்; பார்வையை ஒப்படைக்க முடியாது. தொலைபேசியின் முடிவில் ‘டேக் கேர்’ என்று சொல்லிவிடுவதற்கு முன், ‘நேற்று முழங்கால் வலி என்றீர்களே, இன்று எப்படி இருக்கிறது?’ என்று கேட்பதில் பராமர்சம் இருக்கிறது. முந்தைய நாள் கேட்டதும் இன்று எதிரே இருப்பதும் அக்கேள்வியில் இணைகின்றன. அவ்வாறே, சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்கிற அந்தப் பெண் உணவு உண்டாளா, அவள் வீட்டில் நோயுற்ற குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்கவும் ஒருவர் வேண்டும். கேரைக் கொடுப்பவளுக்குக் கேர் இல்லாத இல்லத்தில் அது நீண்டநாள் நிலைக்காது.

கூட்டம் கூடும் திருமண மண்டபங்களுக்கும் பள்ளிகளுக்கும் பொறுப்பேற்றிருக்கும் அன்பர்கள் இன்னொன்றையும் செய்யலாம். அவசர வழியின் கதவு பூட்டியிருக்கிறதா, அதன்முன் நாற்காலிகள் அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று இன்றே சென்று பார்க்கலாம். அதற்கு ஐந்து நிமிடங்கள் போதும். அதற்காக எவரும் நம்மைப் பாராட்டமாட்டார்கள். பாராட்டை எதிர்பாராமல் செய்யும் செயல் என்று கர்மயோகம் எதைக் கூறுகிறதோ, அதற்கு இதைவிட எளிய பயிற்சி வேறு என்ன இருக்கிறது?

மொழிபெயர்ப்பாளர்கள் பின்பற்றும் ஒரு முறை உண்டு. பெயர்ச்சொல் ஒன்று பொருள் விளங்காமல் நிற்கும்போது அதை வினைச்சொல்லாக மாற்றி, செய்பவர் யார், செய்யப்படுபவர் யார், எப்போது என்று கேட்பார்கள். ‘கேர்’ என்ற சொல்லைப் பலகையிலோ விளம்பரத்திலோ நம் வாயிலோ காணும்போது நாமும் அவ்வாறே கேட்போம்: யார், யாரை, இப்போது பார்க்கிறார்? இக்கேள்விக்கு விடையாக ஒரு மனிதரின் பெயரைச் சொல்ல முடிந்தால் அங்கே கேர் இருக்கிறது. சொல்ல முடியாவிட்டால், அந்த இடத்துக்கு நாம் செல்ல வேண்டியிருக்கிறது.